ஈயின் வம்சம், என் மகன் வம்சம்

1

இதை எழுத உட்காருவதும், முதல் வரியோடு பேனாவை மூடிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வதுமாகப் பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். எழுதினால் செத்தவருக்கு அவமானம், எழுதாவிட்டால் இருப்பவனுக்குக் கேடு. என் அண்ணன் அந்தோணி போன தவக்காலத்தில் பண்ணைக்காட்டில் காலமானார். அவர் உயிரோடு இருக்கும்வரை ஊருக்குச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கட்டு அவிழ்ந்தபிறகும் கை ஓடவில்லை. ஓட வைத்தது ஒரு சின்னச் சம்பவம்.

மாசி மாதம் என் வீட்டுக்காரர் செபஸ்தியானின் நினைவு நாள். இந்த அமெரிக்க ஊர்க் கோவிலில் வருஷா வருஷம் அவர் பேருக்குப் பூசை வைப்பேன். இந்த வருஷம் புது சாமியார். நல்ல மனுஷர், சின்ன வயசு. பேரை வாசிக்கும்போது அந்த ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். "உங்கள் கணவர் எப்படி இறந்தார்?" என்று கேட்டார். இத்தனை காலம் சொல்லிப் பழகிய பதிலையே சொன்னேன்: "ஃபால், ஃபாதர்." விழுந்து செத்தார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தார்: இலையுதிர் காலத்தில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த செபஸ்தியான் என்று. இந்த ஊரில் இலை உதிரும் காலத்துக்கும் ஃபால் என்றுதான் பேர்.

பக்கத்தில் இருந்த என் மகன் பெஞ்சமின் திரும்பி என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ சொன்னதும் தப்பு, அவர் சொன்னதும் தப்பு. எத்தனை தடவைம்மா அப்பாவை மாத்தி மாத்திச் சாகடிப்பீங்க?" என்று காதோடு சொன்னான்.

அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் அப்பா உபதேசியார் என்பதால் வேதாகமம் வாசித்து வந்த தமிழ்தான் என் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

செபஸ்தியான் போனபிறகு கோடைக்கானலில் ஒரு அமெரிக்க வாத்தியார் வீட்டில் சமையலுக்கு நின்றேன். அவர்கள் ஊர் திரும்பும்போது, படுக்கையில் கிடந்த தங்கள் தாயாரைப் பார்த்துக்கொள்ள என்னையும் பையனையும் கூட்டி வந்தார்கள். அது எழுபதுகளின் கடைசி. விமான நிலைய ஆபீசில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது அப்படி ஒன்று? செபஸ்தியான் என்று சொன்னேன். அன்றிலிருந்து நானும் செபஸ்தியான், மகனும் செபஸ்தியான். ஆஸ்பத்திரியிலோ பாங்கிலோ "செபஸ்தியன்!" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு நொடி வாசலைத்தான் பார்க்கிறேன்.

அந்தத் தாயார் காலமானபின் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி, கிருமி சாக ஆவியில் வேக வைத்து, அடுக்கித் தர வேண்டும். பெரிய இட்லிக் கொப்பரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேலே இருந்தவர் மார்க். தாடி வைத்த ஆராய்ச்சியாளர், சத்தம் போடத் தெரியாதவர். முதல் நாள் ஒரு கண்ணாடி அலமாரியைத் திறந்து, "இதுதான் நம்முடைய இன்செக்ட் செல் லைன். இதற்காகத்தான் நாம் எல்லாரும் இருக்கிறோம்" என்றார்.

மூன்று வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். இன்செக்ட் என்றால் பூச்சி. செல் என்றால், எங்கள் பக்கம் கதவையும் பெட்டியையும் அரிக்கிற செல்லு, அதாவது கரையான். லைன் என்றால் லயம். தோட்டத்தில் எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்களை வரிசையாக அடைத்து வைத்திருந்த ஒற்றை அறை வீடுகள். ஆக, செல்லுப் பூச்சிக்கு லயம் கட்டி வளர்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரர்களுக்கு எதுவும் முடியும். ஆனால் எனக்குப் பயம். வீட்டில் இருந்தது மரத்தால் செய்த மாதா சொரூபம். வேலை முடிந்து கிளம்பும்போது கோட்டையும் செருப்பையும் வாசலில் உதறு உதறு என்று உதறிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஊருக்குப் பேசி அனுப்பிய கேசட்டிலும் இதைச் சொல்லிவிட்டேன். "பாக்கியம் போயிருக்கிற ஊர்ல செல்லுக்கு ஊடு கட்டி, சோறு போட்டு வளக்குறாய்ங்களாம்ல" என்று எங்கள் ஊர் பெரும்பாறையே சிரித்ததாம்.

ஒருநாள் மார்க் கேட்டார், ஏன் தினமும் கோட்டை உதறுகிறாய் என்று. சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என்னை உட்கார வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பூச்சியைக் காணோம். பாசிமணி சிதறினாற்போலக் குட்டிக் குட்டி உருண்டைகள். வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈ இருக்கிறதே, அதன் முட்டைகளை ஒரு காலத்தில் யாரோ நசுக்கியிருக்கிறார்கள். நசுங்கிச் சாகாமல் தப்பிய உயிரணுக்களை, செல் என்பது அதுதான், சத்துத் தண்ணீரில் போட, அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இன்றுவரை சாகாமல் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு குப்பி நிறைந்ததும் கொஞ்சம் எடுத்து அடுத்த குப்பிக்கு மாற்றுவார்கள். அதற்குப் பேர் பாஸ் பண்ணுவது. இந்தத் தொடர்ச்சிதான் லைன். அதற்குள் வெளியிலிருந்து ஒரு ஜீனை நுழைப்பார்கள், சூடு காட்டுவார்கள், எது விழிக்கிறது எது தூங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு ஜீனுக்கு என்ன சோலி என்று கண்டுபிடிக்க இத்தனை பாடு.

ஈயின் படத்தையும் காட்டினார். சிவந்த கண். "இதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

3

பெரும்பாறைக்குக் கீழே இருந்தது நாங்கள் வேலை பார்த்த காப்பித் தோட்டம். எங்கள் லயத்தில் பாதிப் பேர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். செபஸ்தியான் அப்படி வந்தவர். அவருடைய அப்பா அங்கே ஒரு கங்காணியின் கையை வெட்டி ஜெயிலுக்குப் போனவர். அந்தக் கதை கப்பலேறி இவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வெட்டுக்காரன் மகன் என்பதுதான் லயத்தில் இவருக்குப் பேர். என்னைப் பெண் கேட்டு வந்தபோது அம்மா முடியாது என்றுவிட்டாள். அண்ணன்தான் சண்டை போட்டார். "அப்பன் செஞ்சதுக்கு மகன் என்னம்மா செய்வான்? செபஸ்தி கோழி அறுக்கக்கூட யோசிக்கிறவன்." அண்ணனும் அவரும் ஒரே பீடியைப் பங்கு போட்டுக் குடிக்கிற கூட்டாளிகள். அண்ணன் கோவில் பாடகர் குழுவில் முதல் குரல். திவ்விய நற்கருணை நேரத்தில் அவர் பாடினால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும்.

அன்று மாசி மாதக் காலை. பேர் கொடுத்து வேலை வாங்கும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கிறோம். பெஞ்சமினுக்கு மூன்று வயது. என் காப்பிக் கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குப்பிள்ளை வந்தார்.

"ஏலே வெட்டுக்காரன் மவனே, நேத்து நீ பறிச்சதுல பாதி பச்சைக்காய். கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல ஒங்க சிலோன்ல பச்சையத்தான் பழம்பாய்ங்களா?"

"பாத்துப் பறிக்கிறேங்க."

"அப்பன் கைய வெட்டுனான், மவன் காய வெட்டுறான். நல்ல வம்சம்டா."

எல்லாரும் சிரித்தார்கள். செபஸ்தியானும் சேர்ந்து சிரித்தார், அதுதான் அவர் சுபாவம். அந்தச் சிரிப்பு கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. காலால் கூடையை ஓங்கி ஒரு உதை விட்டார். கூடையின் மூங்கில் விளிம்பு பிள்ளையின் தாடையில் அடித்தது. பிள்ளை மல்லாந்தான். தாடை கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது.

செபஸ்தியான் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. காப்பிச் செடிக்குக் கிளை கழிக்கிற வளைந்த கத்தி. அவர் ஓங்கியதை நான் பார்க்கவில்லை. இறங்கியதைத்தான் பார்த்தேன். கணக்குப்பிள்ளையின் தோளிலிருந்து முழங்கைவரை சதை வாழைமட்டை உரிந்தாற்போலப் பிளந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு. அந்த மனுஷர் கத்தவில்லை. பேனா பிடித்த கையோடு மண்ணில் உட்கார்ந்தார். அப்புறம்தான் களம் முழுக்கக் கத்தியது. செபஸ்தியான் காப்பிச் செடிகளுக்குள் ஓடிவிட்டார்.

ஜீப் வந்தது. ஒரு ஜீப் காயப்பட்டவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்னொன்றில் வந்த முதலாளி இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "பொழுது சாயிறதுக்குள்ள அவன் என் கையில இருக்கணும். இல்லேன்னா ஒரு குடும்பம் இந்த லயத்துல இருக்கப்படாது. கூரையப் பிரிச்சுருவேன். சிலோன்காரன், உள்ளூர்க்காரன் எவனா இருந்தாலும் சரி."

எங்கே போவது? திரும்பிப் போகச் சிலோன் கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கும் காணி பூமி கிடையாது. ஆண்கள் கூடிப் பேசினார்கள். பேசப் பேசக் குரல் ஏறியது. காப்பி கிளறும் பலகை, மிளகுக் கொடிக்குச் சார்த்தும் மூங்கில் ஏணி, கையில் எது கிடைத்ததோ அது. மத்தியான வெயிலில் மலையையே கலைத்தார்கள்.

அவர் எங்கேயும் போகவில்லை. பழம் உரிக்கிற பல்பர் கொட்டகையில், காப்பித்தோல் குவியலுக்குப் பின்னால் இருந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்து, தாடையில் துணியை அழுத்திப் பிடித்தபடி, காப்பி கழுவுகிற தொட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றேன். அண்ணன் முன்னால் நின்று கூப்பிட்டார்.

"மாப்ள, வெளிய வந்துரு. போலீசுல ஒப்படைச்சுர்றோம். ஒன் உசுருக்கு நான் பொறுப்பு."

"நீ சொல்றியா மச்சான்?"

"நான் சொல்றேன்."

உள்ளேயிருந்து கத்தி வந்து விழுந்தது. கல்லில் பட்டு ணங்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவர் வந்தார், இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு.

முதல் கல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து நெற்றியில் பட்டது. அவர் தடுமாறி அண்ணனின் சட்டையைப் பிடித்தார். பிடித்தது விழாமல் இருக்க. அண்ணன் உதறினார். உதறிவிட்டுக் கையிலிருந்த பலகையைத் திருப்பி அவர் காதோரம் அடித்தார். முதல் கட்டை என் அண்ணனுடையது. அதன்பிறகு யார் கட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது. விழுந்தபிறகும் அடித்தார்கள். தூக்கித் தடுத்த கை ஒடிந்து வேறு பக்கம் மடங்கியது. "சேசுவே" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் சத்தம் கட்டைகளுடையதுதான். நான் கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பெண் பின்னாலிருந்து என் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கையை நான் கடித்த தழும்பு அவளிடம் கடைசிவரை இருந்தது.

புளித்த காப்பித்தோலில் எப்போதும் பொடி ஈ மொய்க்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஈக்கள் புகையாக எழும்பின. அடி நின்றதும் இறங்கின. தோலின்மேல் இறங்கவில்லை.

மார்க் காட்டிய சிவந்த கண் ஈ அதுதான்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டுபோய்ப் பாறை விளிம்பிலிருந்து போட்டார்கள். தப்பி ஓடும்போது பாறையில் தவறி விழுந்து செத்தான் என்று போலீசில் முடிந்தது. வெட்டுப்பட்ட கணக்குப்பிள்ளை பிழைத்து வந்தார். லயத்தின் கூரையை யாரும் பிரிக்கவில்லை.

4

கோடைக்கானல் வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அண்ணன்தான். என் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துப் பண்ணைக்காடு பஸ்ஸுக்கு அவரே கூட்டிவந்தார்.  பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"பாக்கியம், நீ அன்னிக்குத் தொட்டிக்கிட்ட நின்னியா?"

"நின்னேண்ணே."

பஸ் வந்துவிட்டது. பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார். டிரைவர் ஏசினான். இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருல சொல்லுவியாத்தா?"

"நீ இருக்கிறவரைக்கும் சொல்ல மாட்டேன்."

"பயகிட்ட?"

அதற்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அதன்பிறகு அண்ணன் கோவிலில் பாடவே இல்லை. தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டாராம்.

5

இங்கே வந்த பிள்ளைகள் நம்மை விட்டு விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் சோற்றைக் கையால் சாப்பிடக் கூச்சப்படுவார்கள். பிறகு தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். பிறகு கதவுக்குத் தாழ்ப்பாள். பெஞ்சமினுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. செபஸ்தியானின் அக்கா பேசியிருந்தார்.

"மருமவனே பெஞ்சமினு, ஒங்க அத்த பேசுறேன் ராசா. நல்லா சாப்புடு, நல்லாப் படி. அப்பன் மாதிரி, பாட்டன் மாதிரி கத்திகித்தியத் தூக்கிறாத என்ன! அது நம்ம வம்சத்துக் கை, சும்மா கெடக்காது!" பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

அவன் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான். பிறகு சமையலறைக்கு வந்து, "அம்மா, வம்சம்னா என்ன?" என்றான். தமிழில் ஒரு வார்த்தை கேட்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். ஆராய்ச்சிக்கூடத்தில் பொறுக்கிய வார்த்தை வேறு கையில் இருந்தது. பெருமையாகச் சொன்னேன்: "லைன். ஃபேமிலி லைன்."

அந்த ஒரு சொல்லை வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம்.

அவன் பள்ளிக்கூடத்தில் ஜீன் பாடம் படித்துக்கொண்டிருந்தான். என்னை உட்கார வைத்துக் கேட்டான். பாட்டன் வெட்டியதை, அப்பா வெட்டியதை, பாறையிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். பாறைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை, அண்ணன் இருக்கிறாரே.

அந்த வசந்தத்தில் பள்ளி மைதானத்தில் ஒரு பையன், "உன் அம்மா குப்பி கழுவுகிறவள்தானே, இந்தா இதையும் கழுவச் சொல்" என்று காலி பாட்டிலை இவன்மேல் எறிந்திருக்கிறான். பெஞ்சமின் பேஸ்பால் மட்டையை எடுத்து அடித்துவிட்டான். பையனுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடிந்தது. முன்பல் போய்விட்டது. சிறுவர் கோர்ட்டின் அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்தார். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அவன் விழுந்தபிறகும் உங்கள் மகன் அடித்திருக்கிறான்."

விழுந்தபிறகும். எனக்குப் பல்பர் கொட்டகையின் வாடை மூக்கில் ஏறியது.

"குடும்பத்தில் இதற்கு முன்னால் யாராவது இப்படி?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பெஞ்சமினே சொன்னான். "தாத்தா. அப்பா. இப்போது நான்." பால், தயிர், மோர் என்று சொல்வதுபோலச் சொன்னான். அவர் போனபிறகு நான் அழுதேன். "மன்னிப்புக் கேட்டுருடா. ஜட்ஜ்கிட்ட மன்னிப்புக் கேட்டா வீட்டுல விட்டுருவாங்களாம். இல்லேன்னா உள்ள அடைச்சிருவாங்க."

"எதுக்கு சாரி சொல்லணும்? இது என் லைன். நீதான் சொன்ன. ஈக்கு றெக்கை இருக்குன்னு ஈ சாரி சொல்லுமா?"

அடைத்து வைக்கிற அறைக்கும் இங்கே செல் என்றுதான் பேர். நான் முழங்காலில் விழுந்து ஜெபித்தேன். மாதா ஒன்றும் சொல்லவில்லை. மாதாவும் ஒரு மகனைக் கூட்டத்திடம் கொடுத்தவர்தான்.

6

விசாரணைக்கு முந்தின வாரம் மார்க் சூட்டுப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு குப்பியில் புது ஜீன் நுழைத்த செல், இன்னொன்றில் நுழைக்காத பழைய செல். இரண்டையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். நான் துணிந்து கேட்டேன்.

"மார்க், மனுஷரை வெட்டுவதற்கு ஒரு ஜீன் உண்டா?"

அவர் சிரிக்கவில்லை. என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். "நான் ஈயின் ஒரே ஒரு ஜீனை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், பாக்கியம். இதன் வேலையே எனக்கு முழுசாகத் தெரியவில்லை. சூடு பட்டால் மற்ற வேலைகளையெல்லாம் போட்டுவிட்டுச் செல் இந்த ஒன்றைத்தான் பார்க்கிறது. அதுவும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. சூடு தணிந்தால் பழைய வேலைக்குப் போய்விடுகிறது. இதை வைத்து உன் மகனைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதே. நானே சொன்னாலும் நம்பாதே."

"சூடு பட்டால் விழிக்கிறது புதுக் குப்பியில் மட்டுமா?"

"விழிக்கிறது எந்தக் குப்பியிலும் விழிக்கும். எல்லாச் செல்லிலும் ஏற்கெனவே உள்ளதுதானே அது."

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அண்ணனின் பாட்டுக் குரல் காதில் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பெஞ்சமின் என்னைக் கூட்டிப்போகக் கழுவும் அறைக்கு வந்தான். குப்பி அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நின்றான். கதவைச் சாத்தினேன்.

"பெஞ்சமின், உன் அம்மா எந்த லைன்?"

"உபதேசியார் லைன். ப்ரேயர், பாட்டு, அழுகை." கேலிதான்.

"அந்தோணி மாமா?"

"மாமாவா? அவர் செயின்ட் ஆச்சே. கொயர்ல மொதக் குரல்."

"உன் அப்பா பாறையில இருந்து விழுந்து சாகலை. அடிச்சுக் கொன்னாங்க. மொதக் கட்டை அந்தோணி மாமாவோடது. நான் பாத்தேன். நீ என் இடுப்புல இருந்த."

அவன் முகம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுத வராது. ஒரு குப்பியை எடுத்துச் சுவரில் அடித்தான். இன்னொன்று. அப்புறம் தட்டையே இழுத்துவிட்டான். கண்ணாடி என் கால்வரை சிதறியது. நான் தடுக்கவில்லை. மூச்சு வாங்க நின்றவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"அப்போ ரெண்டு பக்கமும்! சூப்பர். அப்பா பக்கம் வெட்டு, அம்மா பக்கம் அடி. டபுள் லைன். இதுக்காகவாம்மா சொன்ன?"

 வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆமாடா, ரெண்டு பக்கமும்தான். நாலு பக்கமும்தான். கட்டை எடுத்தவங்கள்ல வெட்டுக்கார வம்சம் ஒருத்தன் கிடையாது. அத்தனை பேரும் கோயிலுக்குப் போறவங்க, புள்ளகுட்டிக்காரங்க. எல்லாருக்கும் அன்னிக்குச் சூடு. அந்தக் கூட்டத்துலயே கையில இருந்ததக் கீழ போட்டவர் ஒருத்தர்தான். அது உன் அப்பா."

"கீழ போட்டாரா?"

"போட்டார். கத்திய வெளிய வீசிட்டு, கைய விரிச்சுக் காட்டிக்கிட்டு வந்தார். மச்சான் சொன்னாரேன்னு நம்பி வந்தார்."

ஒரு கண்ணாடித் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பிறகு, "மொதல்ல எதுக்கு வெட்டினார்?" என்றான்.

"தாடையத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தான். அந்தத் தழும்பு சின்ன வயதில் படியில் விழுந்ததால் வந்தது என்று சொல்லி வைத்திருந்தேன். உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்தேன். அப்பா வெட்டியது சரி என்று நான் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கை கடைசிவரை விளங்கவில்லை. அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

7

கோர்ட்டில் அதிகாரி அம்மா குடும்ப விவரத்தைச் சொன்னதும் ஜட்ஜ் பெஞ்சமினைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். என் இங்கிலீஷ் எப்படியிருந்தாலும் அன்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. "இல்லை சார். என் அப்பா கத்தியைக் கீழே போட்டவர். நான் மட்டையைக் கீழே போடவில்லை. அடித்தது நான்." அந்தப் பையனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். வீட்டிலேயே கண்காணிப்பில் இருக்கலாம் என்று தீர்ப்பானது.

வெளியே நடைபாதையில் அந்தப் பையனின் தாயார் நின்றிருந்தார். தீர்ப்பு அவர் வயிறு எரிந்ததற்குப் போதுமா? நேராக என்னிடம் வந்து கைப்பையை ஓங்கி என் முகத்தில் அடித்தார். அதன் இரும்புப் பூட்டு பட்டு உதடு கிழிந்தது. ரத்தம் கோட்டில் சொட்டியது.

பெஞ்சமின் திரும்பினான். கழுத்து நரம்பு கயிறாக எழும்பியதைப் பார்த்தேன். பிரட்டுக் களம் அப்படியே திரும்ப வந்து நின்றது. தன் சொந்தத்தின் ரத்தம் ஒழுகுவதைப் பார்க்கிற, அவன் அப்பாவின் அதே கண். நான் மாதாவைக் கூப்பிட்டேனா, செபஸ்தியானைக் கூப்பிட்டேனா, தெரியாது.

அவன் முஷ்டியைப் பிரித்தான். இரண்டு கையையும் விரித்து, பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றான். அப்படி நிற்கச் சொல்லி அவனுக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. நான் வாயால் சொன்னதுதான். "என்னை அடிங்கள், மேடம். அடித்தவன் நான்" என்றான்.

அவர் அடித்தார். முழுப் பலத்தோடு, கன்னத்தில். அவன் அசையவில்லை. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

செபஸ்தியான் கையை விரித்துக்கொண்டு வந்தபோது நிறுத்த ஒருவரும் இல்லை. இந்த அம்மா ஒரு அடியோடு நிறுத்தினார். தினமும் ஜெபமாலையில் ஒரு மணி அவருக்கு.

பெஞ்சமின் இப்போது ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்குகிற வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறான். தமிழ் இன்னும் குறைந்துவிட்டது. கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வருகிறான். ஆனால் இந்த விஷயம் கைமாறி ஊருக்குப் போனபோது, வெட்டுக்காரன் பேரன் அமெரிக்காவில் ஒருத்தனைக் கொன்றுவிட்டான் என்று ஆகியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அண்ணன் படுக்கையில் விழுந்தார் என்றும் சொல்கிறார்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செல்லைக் குப்பிக்குக் குப்பி பாஸ் பண்ணிக்கொண்டே போனால் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும், பழைய செல்லாக இருக்காது. அதனால் தொடக்கத்தில் எடுத்ததில் கொஞ்சத்தை உறைய வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் அதை இளக்கி மறுபடி தொடங்குவார்கள். நீங்கள் இப்போது படித்தது அந்த உறைய வைத்த குப்பி.

பெரும்பாறையிலோ பண்ணைக்காட்டிலோ இதை வாசிக்கிறவர்கள் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பதை வாசித்தபடியே சொல்லுங்கள். செத்த இடம் பாறையல்ல, பல்பர் கொட்டகை. என் வீட்டுக்காரர் போட்ட வெட்டைச் சின்னதாக்க வேண்டாம். அவர் கீழே போட்ட கத்தியை விட்டுவிடவும் வேண்டாம். அந்தோணி என் அண்ணன். என் வீட்டுக்காரர்மேல் முதல் கட்டையை இறக்கியதும் அவர்தான், என் பெட்டியைச் சுமந்ததும் அவர்தான். கைமாற்றும்போது அவர்மேல் ஒரு அடியும் கூட்டாதீர்கள், ஒரு அடியும் குறைக்காதீர்கள்.